ஆவடியிலிருந்து ஆந்திரா பார்டர் வரைக்கும் ஒரு டிரைவ்

யூரோப் போனவங்க எல்லாரும் ஒரு கதை சொல்வாங்க. "கார்ல போயிட்டே இருந்தோம், திடீர்னு போர்டுல மொழி மாறிடுச்சு, அடுத்த நாட்டுக்குள்ள வந்துட்டோம்." 1985-ல லக்ஸம்பர்க்ல ஷெங்கன்ங்கிற சின்ன ஊர்கிட்ட, ஆத்துல நின்ன ஒரு கப்பல்ல அஞ்சு நாடுகள் போட்ட கையெழுத்துல ஆரம்பிச்ச விஷயம் அது. ஆனா அதே ஃபீலிங்குக்கு விசா எடுக்கணும்னு இல்ல. ஆவடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள்ள ஒரு பார்டர் இருக்கு.

ரூட் ரொம்ப சிம்பிள். ஆவடி, திருநின்றவூர், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. திருநின்றவூர் தாண்டினதும் அபார்ட்மென்ட் குறைஞ்சு வயல் வர ஆரம்பிக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம், பெரியபாளையத்துல பவானி அம்மன் கோயில் கூட்டத்துல மாட்டிப்பீங்க. ஊத்துக்கோட்டை தாண்டி ரெண்டு மூணு கிலோமீட்டர்ல சுருட்டப்பள்ளி. அங்க சிவன் லிங்கமா இல்ல, பள்ளிகொண்ட கோலத்துல படுத்திருக்கார். போர்டெல்லாம் தெலுங்கு. ஆனா டீக்கடையில தமிழ்லயே கேளுங்க, தமிழ்லயே பதில் வரும்.

ஏன்னா இந்தக் கோடு ரொம்பப் பழசு இல்ல. 1953 வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே சென்னை மாகாணம். பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து இறந்த பிறகு, 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திரா தனி மாநிலமாச்சு. திருத்தணி அந்தப் பக்கம் போச்சு. ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். கடைசியில படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி நம்மகிட்ட வந்தது. பதிலுக்கு திருவள்ளூர், பொன்னேரி வட்டங்கள்ல சில கிராமங்கள் ஆந்திராவுக்குப் போச்சு. ஒரு வீட்டுல பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்த மாதிரிதான். என்ன, அந்த ஊர்க்காரங்க ராத்திரி தூங்கி எழுந்தப்போ வேற மாநிலம்.

சரி, இப்போ நான் உண்மையிலேயே இந்த ட்ரிப் போன காரணத்துக்கு வரேன். 2019 கோடை ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் வறண்டு கிடந்துச்சு. லாரிக்காக குடத்தோட நின்னப்போதான், நம்ம குழாய்ல வர்ற தண்ணி எங்கிருந்து வருதுன்னு முதல்முறையா யோசிச்சேன். அதுல ஒரு பங்கு இந்த பார்டரைத் தாண்டித்தான் வருது.

1976-ல மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூணும் தங்களோட கிருஷ்ணா பங்குலேருந்து ஆளுக்கு 5 டிஎம்சி சென்னைக்குத் தர ஒத்துக்கிட்டாங்க. மொத்தம் 15. வழியில ஆவியாகிறது, கசியிறது போக 12 டிஎம்சி எல்லைக்கு வந்து சேரணும்னு 1983-ல எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் இருந்தப்போ ஒப்பந்தம். ஒரு டிஎம்சின்னா சுமார் 2,831 கோடி லிட்டர். கண்டலேறுல திறந்தா கால்வாய்ல 152 கிலோமீட்டர் ஓடி ஊத்துக்கோட்டை பக்கத்துல 'ஜீரோ பாயிண்ட்' வரும், அப்புறம் 25 கிலோமீட்டர்ல பூண்டி. 1996-ல முதல் தண்ணி வந்தது. இன்னைக்கும் தண்ணி வந்தா அதிகாரிங்க பூ தூவி வரவேற்பாங்க.

காகிதத்துல ஜூலையிலிருந்து அக்டோபர் வரை 8, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை 4. ஆனா 12 முழுசா வர்றது அபூர்வம். வழியில இருக்கிற விவசாயியும் வறட்சியில அதே கால்வாயைத்தானே பார்ப்பார்? அவர் இடத்துல நான் இருந்தா மோட்டார் போட்டிருக்க மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியல.

கிளம்புறவங்களுக்கு: சொந்த வண்டின்னா பெர்மிட் வேண்டாம், மஞ்சள் போர்டுன்னா டிரைவர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. ஆந்திராவுல பெட்ரோல் விலை அதிகம், டேங்க்கை இந்தப் பக்கமே நிரப்பிடுங்க. ஜீரோ பாயிண்ட்ல இறங்கினீங்கன்னா கால்வாய்க்குள்ள மட்டும் இறங்காதீங்க. சரிவா சிமென்ட் போட்ட கரை, வழுக்கினா பிடிச்சு ஏற ஒண்ணும் இருக்காது.