மடியும் துயிலும்: தியானத் தடைகள் குறித்து மணிமேகலையும் பாலி உரைமரபும்

ஆய்வுச்சுருக்கம்

பௌத்த தியானப் பயிற்சியில் மனத்தை மறைக்கும் ஐந்து தடைகளைப் பாலி நூல்கள் 'நீவரணம்' என்கின்றன. மணிமேகலை காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்று குற்றங்களையும் அவற்றைக் களையும் வழிகளையும் கூறுகிறது. இவ்விரு பகுப்பையும் ஒன்றெனக் கொள்ளும் போக்கு உண்டு. இரண்டும் பெரும்பகுதி ஒத்துச் சென்றாலும், மடியும் துயிலும் சேர்ந்த மூன்றாம் நீவரணத்திற்கு மணிமேகலையின் பகுப்பில் தனியிடம் இல்லை என்பதை இக்கட்டுரை காட்டுகிறது. அத்தடை உடலைச் சார்ந்ததா, மனத்தைச் சார்ந்ததா என்ற பழைய விவாதம், வடசென்னைச் சாத்தாங்காடு போன்ற உழைப்பாளர் பகுதிகளில் தியானம் பயில்வோருக்கு எவ்வாறு பயன்படும் என்பதையும் விளக்குகிறது.

கருச்சொற்கள்: நீவரணம், தீனமித்தம், மணிமேகலை, புத்தகோசர், விமுத்திமக்கம், சாத்தாங்காடு.

முன்னுரை

தமிழகத்திற்கும் பாலி உரைமரபிற்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது. கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புத்தகோசர், மச்சிம நிகாய உரையை எழுதுமாறு தம்மை வேண்டிய புத்தமித்திரருடன் மயூரபட்டினத்தில் வாழ்ந்ததை அவ்வுரையிலேயே குறிப்பிடுகிறார். அங்குத்தர நிகாய உரையின் இறுதியில் காஞ்சிபுரத்தைக் குறிப்பிடுகிறார். அபிதம்மாவதாரம் இயற்றிய புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்தோடு தொடர்புடையவர். மணிமேகலைக்கு அறவண அடிகள் இறுதி அறவுரை வழங்கும் இடமும் காஞ்சியே. ஆகவே தியானத் தடைகள் பற்றிய பாலிக் கருத்துகளை மணிமேகலையோடு ஒப்பிடுவது, ஒரே நிலப்பரப்போடு உறவுடைய இரு மரபுகளை ஒப்பிடுவதாகும்.

ஐந்து தடைகள்

காமவிழைவு, பகைமனம், மடியும் துயிலும், அலைவும் கழிவிரக்கமும், ஐயம் என்பன ஐந்து நீவரணங்கள். நீவரணம் என்ற சொல் 'மறைப்பது' என்னும் பொருளுடையது. சங்காரவ சூத்திரம் இதனை நீர்ப்பாத்திர உவமையால் விளக்குகிறது. சாயம் கலந்த நீர், கொதிக்கும் நீர், பாசி படர்ந்த நீர், காற்றால் அலையும் நீர், சேறு கலங்கி இருளில் வைக்கப்பட்ட நீர் ஆகிய ஐந்திலும் முகம் தெரியாது. முகம் இல்லாமற் போகவில்லை. அதனைக் காட்டும் நீர் தெளிவாக இல்லை. எனவே நீவரணம் பயில்வோரின் தகுதியைப் பற்றிய தீர்ப்பன்று. மனத்தின் அப்போதைய நிலையைப் பற்றிய விவரணையாகும்.

சதிபட்டான சூத்திரம் ஒவ்வொரு தடையையும் ஐந்து நிலைகளில் அறியுமாறு பணிக்கிறது. தடை உள்ளபோது உள்ளதென அறிதல், இல்லாதபோது இல்லையென அறிதல், எழாதது எவ்வாறு எழுகிறது, எழுந்தது எவ்வாறு நீங்குகிறது, நீங்கியது மீண்டும் எழாமை எவ்வாறு கூடும் என அறிதல் என்பன அவை. விரட்டும் முயற்சிக்கு முன்னே அறிதல் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

இப்பகுதிக்கு உரை வகுக்கும் புத்தகோசர் ஒவ்வொரு தடைக்கும் ஆறு துணைகளைக் கூறுகிறார். அவற்றுள் நல்ல நண்பர், தகுந்த பேச்சு ஆகிய இரண்டும் ஐந்து தடைகளுக்கும் பொது. உணவில் அளவறிதல், வினாவுதல், மூத்தோரைச் சார்தல் போன்றனவும் இடம்பெறுகின்றன. தடைகளைக் கையாளும் பணியில் ஒரு பகுதியே அமர்ந்திருக்கும் வேளையில் நிகழ்கிறது. எஞ்சியது அன்றாட வாழ்வைச் சார்ந்தது.

மணிமேகலையின் மூன்று குற்றங்கள்

மணிமேகலையின் முப்பதாம் காதையில் காமம், வெகுளி, மயக்கம் ஆகிய மூன்றும் தீவினைக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இம்மூன்றையும் திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரமும் ஒருசேரக் கூறுகிறது. மணிமேகலை இவற்றைக் களையும் முறையையும் வகுக்கிறது. நிலையாமை, துன்பம், ஆன்மா இன்மை, தூய்மையின்மை ஆகியவற்றை ஆராய்ந்து பற்றை அறுக்க வேண்டும். மைத்திரி, கருணை, முதிதை ஆகியவற்றால் சினத்தை நீக்க வேண்டும். கேள்வி, சிந்தனை, பாவனை, தரிசனம் ஆகியவற்றால் மயக்கத்தைக் கடிய வேண்டும்.

பாலி உரையின் மருந்துகளும் இவற்றோடு ஒத்துச் செல்கின்றன. காமவிழைவுக்குத் தூய்மையின்மை பற்றிய பாவனையும் பகைமனத்திற்கு மைத்திரி பாவனையும் அங்கும் கூறப்படுகின்றன. அலைவுக்கும் ஐயத்திற்கும் உரை முதலில் வைப்பன மிகுந்த கேள்வியறிவும் வினாவுதலும். மணிமேகலை மயக்கத்திற்கு முதலில் வைப்பதும் கேள்வியே. அபிதம்மக் கணக்கும் இதற்கு அரணாகிறது. தீய சித்தங்கள் பன்னிரண்டில் மயக்கத்தை மட்டுமே வேராகக் கொண்டவை இரண்டு. ஒன்று ஐயத்தோடு கூடியது. மற்றொன்று அலைவோடு கூடியது. கழிவிரக்கம் வெகுளியை வேராகக் கொண்ட சித்தங்களில் மட்டுமே தோன்றும். இவ்வாறு நான்கு நீவரணங்கள் மூன்று குற்றங்களுக்குள் பெரும்பாலும் அடங்குகின்றன.

எஞ்சி நிற்கும் தடை

மூன்றாவதாகிய தீனமித்தம் இவ்வாறு அடங்கவில்லை. தீனம் என்பது மனம் சுருங்கி ஊக்கம் இழக்கும் மடி. மித்தம் என்பது மங்கித் தூங்கி விழும் துயில். தமிழ் மரபும் இவ்விரண்டையும் பிரித்தறிந்துள்ளது. மடியின்மை அதிகாரத்துக் குறள் ஒன்று மடியையும் துயிலையும் தனித்தனியே எண்ணுகிறது.

அபிதம்மப்படி தீனமித்தம் ஐந்து சித்தங்களில் தோன்றக்கூடும். பற்றை வேராகக் கொண்டவற்றுள் தூண்டுதலால் எழுபவை நான்கு. வெகுளியை வேராகக் கொண்டவற்றுள் தூண்டுதலால் எழுவது ஒன்று. தானாக விரைந்து எழாமல், உந்தப்பட்டே எழும் மனத்தில்தான் மடி இடம்பெறுகிறது. இதனைப் பயிற்சிக்குப் பொருத்தினால், தூக்கத்தின் பின்னே சுகத்தை நாடும் விருப்போ, செய்ய வேண்டியதன்மேல் வெறுப்போ மறைந்திருக்கலாம் என்பது புலனாகும். ஆயினும் தீனமித்தத்தை ஒரே குற்றத்தின் கீழ் வைக்க இயலாது. மணிமேகலை அதற்குத் தனி மருந்து கூறவும் இல்லை.

இதற்குக் காரணம் நோக்க வேறுபாடாகும். மணிமேகலை பிறவித் தொடரின் வேர்களைப் பேசுகிறது. நீவரணப் பகுப்பு ஒருமுகப்பாட்டைத் தடுப்பவற்றைப் பேசுகிறது. வேரை அறுப்பதற்கான பட்டியலில் தூக்கத்திற்கு இடம் தேவையில்லை. நாள்தோறும் அமர்ந்து பயில்பவருக்கோ அது முதன்மைச் சிக்கலாகிறது.

துயில்: உடலா, மனமா?

மித்தத்தின் இயல்பு குறித்துப் பௌத்தருள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. இன்று சீன மொழிபெயர்ப்பில் முழுமையாகக் கிடைக்கும் விமுத்திமக்கம், துயிலை உடற்பொருளாகிய ரூபங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. உணவால் வருவது, காலத்தால் வருவது, மனத்தால் வருவது என அதனை மூவகைப்படுத்தி, மனத்தால் வருவது மட்டுமே நீவரணம் என்கிறது. ஏனைய இரண்டும் அருகதர்க்கும் உண்டு. புத்தகோசரின் விசுத்திமக்கம் இக்கருத்தை ஏற்கவில்லை; நீவரணமாகச் சொல்லப்பட்டது ரூபமாக இருக்க முடியாது என மறுக்கிறது. மறுக்கப்பட்டோர் அபயகிரி விகாரையினர் என அதன் உரைகாரர் தம்மபாலர் அடையாளம் காட்டுகிறார்.

கோட்பாட்டில் இரு தரப்பும் முரண்பட்டாலும் பயிற்சியில் முரண்பாடு குறைகிறது. புத்தகோசரே துயிலுக்கு மிகையுணவைக் காரணமாகக் கண்டறிதல், இருக்கை நிலைகளை மாற்றுதல், ஒளியை நினைதல், திறந்தவெளியில் தங்குதல் ஆகிய துணைகளைக் கூறுகிறார். இவற்றுள் மூன்று உடலையும் சூழலையும் சார்ந்தவை.

அங்குத்தர நிகாயத்தில் தூங்கி விழும் மொக்கல்லானருக்குப் புத்தர் கூறும் அறிவுரை இதனினும் தெளிவானது. தூக்கம் வந்த நினைவை விடுதல், கற்ற அறத்தைச் சிந்தித்தல், அதனை ஓதுதல், காதுகளை இழுத்து உறுப்புகளைத் தேய்த்தல், எழுந்து கண்களை நீரால் கழுவித் திசைகளையும் விண்மீன்களையும் நோக்குதல், ஒளியை நினைதல், நடத்தல் என அது படிப்படியாகச் செல்கிறது. இவையனைத்தும் பயனளிக்காவிடில், எழும் நேரத்தை மனத்திற்கொண்டு வலப்புறமாகச் சாய்ந்து உறங்குமாறு கூறுகிறது. உறக்கம் இங்கே தோல்வியாகவன்றி, வரிசையின் இறுதி மருந்தாக வைக்கப்படுகிறது.

சாத்தாங்காட்டுச் சூழல்

சாத்தன் என்ற பெயரைப் புத்தரின் பெயர்களுள் ஒன்றாகிய சாஸ்தாவோடு தொடர்புபடுத்தியவர் மயிலை சீனி. வேங்கடசாமி, அவரது 'பௌத்தமும் தமிழும்' 1940இல் வெளிவந்தது. எனினும் சாத்தன் பிற சமயத்தாரும் தாங்கிய பெயர். சாத்து என்பது வணிகக் கூட்டத்தையும் குறிக்கும். ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு சாத்தாங்காட்டிற்குப் பௌத்தத் தொன்மை கூறுதல் பொருந்தாது. இங்கு அவ்வூர் எடுத்துக்கொள்ளப்படுவது அதன் இன்றைய வாழ்நிலை கருதியே.

சாத்தாங்காட்டில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு எஃகுச் சந்தை இயங்குகிறது. மணலியின் ஆலைகளும் எண்ணூரின் துறைமுகமும் அணித்தே உள்ளன. சுமை ஏற்றி இறக்குவோர், லாரி ஓட்டுநர், இரவு ஷிப்டு முடித்துத் திரும்புவோர் ஆகியோர் வாழும் பகுதி இது. இத்தகையவர் ஒருவர் விடியற்காலையில் தியானத்திற்கு அமர்ந்து தூங்கி விழுந்தால், அதனை மடி என்று பெயரிடுவது விமுத்திமக்கத்தின் பகுப்புப்படி பிழையாகும். அது காலத்தாலும் உழைப்பாலும் வந்த துயில். அவருக்கு வேண்டுவது கூடுதல் ஊக்கமன்று, போதிய உறக்கம். நன்கு உறங்கி எழுந்த பின்னும் அமரும்போது மட்டும் மனம் மங்குமாயின், அதுவே நீவரணமாக ஆராயத்தக்கது. இவ்வேறுபாட்டை உணராத பயிற்றுவிப்பு, உடலுழைப்பாளரைத் தியானத்திற்குத் தகுதியற்றவராக எண்ணச் செய்துவிடும்.

சென்னையில் நவீன பௌத்தத்தை வளர்த்த அயோத்திதாசப் பண்டிதரும் லட்சுமி நரசுவும் அறத்தையும் சமத்துவத்தையும் முன்னிறுத்தினர். தியானம் உழைப்பவருக்கும் உரியது என நிறுவுவது அந்நோக்கத்தோடு இயைந்ததே. திறந்தவெளியும் அமைதியும் அரிதாகிய ஒற்றையறை வீட்டில், புத்தகோசர் கூறும் ஆறு துணைகளுள் எளிதில் கைகூடுவன நல்ல நண்பரும் தகுந்த பேச்சுமே. அவையிரண்டும் ஐந்து தடைகளுக்கும் பொதுவாக வைக்கப்பட்டிருப்பது இங்கே பொருள் பெறுகிறது.

முடிவுரை

மணிமேகலையின் முக்குற்றப் பகுப்பும் பாலி மரபின் ஐந்தடைப் பகுப்பும் மருந்துகளிலும் அடிப்படையிலும் ஒத்துச் செல்பவை, நோக்கத்தில் வேறானவை. அவ்வேறுபாடு வெளிப்படும் இடம் தீனமித்தம். ஒன்றை மற்றொன்றின் சுருக்கமாகவோ விரிவாகவோ கொள்வோர் இத்தடையைக் காணத் தவறுவர். மனத்தின் மடியையும் உடலின் களைப்பையும் பிரித்தறிதல் சதிபட்டான சூத்திரம் பணிக்கும் 'உள்ளதை உள்ளவாறு அறிதல்' என்பதன் பகுதியே. மணிமேகலை ஆய்வு தத்துவத்தோடு பயிற்சி மரபையும் கருத்திற்கொள்ளும்போது, தமிழ்ப் பௌத்தத்தின் எஞ்சிய பக்கங்களும் தெளிவுபெறும்.