அமெரிக்க ஃபெடரல் கான்ட்ராக்ட்: வேலைக்குப் போறதா, சொந்தமா எடுக்குறதா?

அமெரிக்கால வேலை பார்க்குற நம்ம சேனல் நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி இது. "கவர்ன்மென்ட் கான்ட்ராக்ட் கம்பெனில ஆஃபர் வந்திருக்கு, போகலாமா? இல்ல, நாமளே ஒரு எல்எல்சி ஆரம்பிச்சு கான்ட்ராக்ட் எடுத்துடலாமா?" ரெண்டும் ஒரே உலகம்தான். ஆனா பணம் மாட்டிக்கிற இடம் வேற வேற.

ஃபெடரல் அரசு வருஷத்துக்கு 700 பில்லியன் டாலருக்கு மேல கான்ட்ராக்ட் மூலமா பொருளும் சேவையும் வாங்குது. இந்த வாடிக்கையாளர் ஓடிப்போக மாட்டார். ஆனா நடுவுல நிறுத்துவார், பைசா பைசாவா கணக்கு கேப்பார்.

முதல்ல வேலைக்குப் போறவங்களுக்கு. ஆஃபர் லெட்டர்ல "கான்ட்ராக்ட் எங்களுக்குக் கிடைத்தால் மட்டுமே இந்த வேலை" என்கிற அர்த்தத்துல ஒரு வரி இருக்கான்னு பாருங்க. உங்க ரெஸ்யூமை வச்சுதான் கம்பெனி டெண்டரே போடுது. முடிவு இன்னும் வரலைன்னு அதுக்கு அர்த்தம். சரி, கிடைச்சுடுச்சுன்னே வைங்க. தோத்துப்போன கம்பெனி ஜிஏஓ என்கிற அரசுக் கணக்கு அலுவலகத்துல ஆட்சேபம் தாக்கல் பண்ணலாம். அதைத் தீர்க்க ஜிஏஓவுக்கு 100 நாள் வரைக்கும் டைம் இருக்கு. குறிச்ச கெடுவுக்குள்ள ஆட்சேபம் வந்தா, பெரும்பாலும் வேலை அப்படியே நிக்கும். அந்த மூணு மாசமும் உங்களுக்கு யார் சம்பளம் போடுவா? சேரும் தேதி எழுத்துல உறுதியாகுற வரைக்கும் இருக்குற வேலையை விடாதீங்க.

"அஞ்சு வருஷ ப்ராஜெக்ட்"னு எச்ஆர் சொன்னா, பல நேரம் அது ஒரு வருஷம் உறுதி, பாக்கி நாலு வருஷம் அரசோட விருப்பம்னுதான் இருக்கும். உறுதியான வருஷத்துலயும் அரசு தன் வசதிக்காக எப்ப வேணா கான்ட்ராக்ட்டை முடிச்சுக்கலாம். அப்போ செஞ்ச வேலைக்கு உண்டான பணம் கம்பெனிக்கு வரும், இனிமே வர வேண்டிய லாபம் வராது. இதை மனசுல வச்சுக்கிட்டு வீட்டுக் கடன் கணக்கு போடுங்க.

அடுத்தது ஷட்டவுன். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரைக்கும் 43 நாள் அரசு முடங்குச்சே, அப்போ அரசு ஊழியர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருந்துச்சு: முடக்கம் முடிஞ்சதும் பழைய சம்பளம் கொடுக்கணும்னு 2019-ல போட்ட சட்டம். அந்தச் சட்டம் கான்ட்ராக்ட் ஊழியர்களுக்குப் பொருந்தாது. பக்கத்து மேசைல அதே வேலை பார்க்குற அரசு ஊழியருக்கு 43 நாள் சம்பளம் திரும்பி வரும். உங்களுக்கு உங்க லீவு கழியும், லீவும் தீர்ந்தா சம்பளம் இல்ல. எல்லா கான்ட்ராக்ட்டும் நிக்காது, ஏற்கெனவே நிதி ஒதுக்கினது ஓடும். அதனால இன்டர்வியூலயே கேளுங்க: "போன ஷட்டவுன்ல இந்த டீமுக்கு சம்பளம் வந்துச்சா?" கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல. அவசர நிதி மூணு மாசம் போதும்னு பொதுவா சொல்வாங்க. இந்தத் துறைல இருக்குறவங்க ஆறு மாசம் வச்சுக்கணும்னுதான் நான் சொல்வேன்.

டைம்ஷீட் விஷயத்துல விளையாடவே கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உக்காந்து குத்துமதிப்பா 40 மணி நேரம் நிரப்புறது தனியார் கம்பெனில சகஜம். இங்க நீங்க போடுற மணிக்கணக்குதான் அரசுக்குப் போற பில். பொய்க் கணக்கு தெரிஞ்சே போனா 1863-ம் வருஷ ஃபால்ஸ் கிளைம்ஸ் சட்டம் பாயும்: நஷ்டத்தைப் போல மூணு மடங்கு, அதுக்கு மேல ஒவ்வொரு பில்லுக்கும் தனி அபராதம். துப்பு கொடுத்து வழக்கு போட்டவருக்கு, மீட்ட தொகைல பொதுவா 15 முதல் 30 சதவீதம் வரை பங்கு உண்டு. அதாவது, மேனேஜர் "அந்த ப்ராஜெக்ட்ல மணி போட்டுக்கோ"ன்னு வாய்மொழியா சொன்னா, மெயில்ல அனுப்பச் சொல்லுங்க.

செக்யூரிட்டி கிளியரன்ஸ் கேக்குற வேலைக்குப் பொதுவா சிட்டிசனா இருக்கணும். தனியா விண்ணப்பிக்க முடியாது, கம்பெனியோ அரசுத் துறையோ ஸ்பான்சர் பண்ணணும். அந்தப் படிவத்துல வெளிநாட்டு உறவுகளையும் சொத்தையும் கேப்பாங்க. ஊர்ல அம்மாவோட சேர்ந்து இருக்குற ஜாயின்ட் அக்கவுன்ட், உங்க பேர்ல அப்பா வாங்கிப் போட்ட மனை, எல்லாமே அதுல வரும். இருக்குறது பிரச்சனை இல்ல, மறைக்கிறதுதான் பிரச்சனை. தெரிஞ்சே பொய் எழுதினா அது குற்றம்.

இப்போ சொந்தமா எடுக்குற கதை. எச்-1பி விசால இருந்தா, ஸ்பான்சர் பண்ண கம்பெனிக்கு வெளியே உங்க எல்எல்சிக்கு உழைக்க அனுமதி இல்ல, அதனால இந்தப் பகுதி உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். கிரீன் கார்டு இருந்தா கம்பெனி நடத்தலாம், சின்ன நிறுவனங்களுக்கான பொது ஒதுக்கீட்டுலயும் போட்டி போடலாம். ஆனா 8(ஏ) திட்டத்துக்கு சிட்டிசன்ஷிப் கட்டாயம். "தெற்காசியர்னா 8(ஏ) ஈஸியா கிடைக்கும்"னு இன்னும் சிலர் சொல்லிட்டு இருக்காங்க. 2023 ஜூலைல டென்னசி ஃபெடரல் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் இனத்தை வச்சு மட்டும் தகுதி கிடையாது. 2025-ல எஸ்பிஏ இந்தத் திட்டத்தையே முழுசா தணிக்கை பண்ணவும் உத்தரவு போட்டுச்சு.

வாய்ப்பு எங்க இருக்கு? 2025 அக்டோபர் 1 முதல், பொதுவா 15,000 டாலர் வரைக்குமான வாங்கலுக்குப் போட்டி விலை கேக்கத் தேவையில்ல. அதிகாரி அரசு கார்டைத் தேய்ச்சே வாங்கலாம். அதுக்கு மேல 3,50,000 டாலர் வரைக்கும், நியாயமான விலைக்கு குறைஞ்சது ரெண்டு சின்ன நிறுவனம் வரும்னா அவங்களுக்கே ஒதுக்கணும். புதுசா வர்றவங்க இந்த ரெண்டு படில ஆரம்பிக்கிறதுதான் சரி.

நம்ம ஆளுங்க அதிகமா மாட்டுறது 50 சதவீத விதில. சின்ன நிறுவன ஒதுக்கீட்டுல 3,50,000 டாலருக்கு மேல சேவை கான்ட்ராக்ட் எடுத்தா, வர்ற பணத்துல பாதிக்கு மேல அதே தகுதி இல்லாத வெளி கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது. 8(ஏ) மாதிரி திட்டங்கள்ல தொகை சின்னதா இருந்தாலும் இது உண்டு. கான்ட்ராக்ட்டை எடுத்து அப்படியே பெரிய கம்பெனிக்குக் கைமாத்திட்டு கமிஷன் பார்க்குற வேலை இங்க நடக்காது. 1099-ல எடுக்குற ஆட்களும் வெளி ஆள் கணக்குலதான் வருவாங்க. டபிள்யூ-2 சம்பளத்துல இருக்குறவங்கதான் உங்க ஆட்கள்.

அடுத்து கைக்காசு. மாசம் 10,000 டாலர் சம்பளச் செலவோட ஜனவரி 1-ம் தேதி வேலை ஆரம்பிக்கிறீங்கன்னு வைங்க. ஜனவரி 31-ல பில் போடுறீங்க. சரியான பில் போய், வேலையும் ஏத்துக்கப்பட்ட பிறகு 30 நாள் என்பது பொது விதி, அதாவது மார்ச் ஆரம்பம். தாண்டினா அரசு வட்டி கொடுக்கணும்னு சட்டமே இருக்கு. இருந்தாலும் முதல் டாலர் உள்ள வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மாசச் சம்பளம், 20,000 டாலர், உங்க பாக்கெட்டுல இருந்து போயிருக்கும். பேரோல் வரி தனி. பில்லுல கான்ட்ராக்ட் நம்பர் தப்பா இருந்தாலே அது சரியான பில் இல்லன்னு திரும்பி வரும், 30 நாள் கணக்கு மறுபடி முதல்ல இருந்து.

பதிவு பண்றது சாம் டாட் கவ் தளத்துல. 12 எழுத்து யுஇஐ நம்பர் கிடைக்கும், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ரெண்டுமே முழுக்க இலவசம். பதிவு பண்ண கொஞ்ச நாள்லயே "உங்க பதிவு காலாவதி ஆகப்போகுது, உடனே கட்டணம் கட்டுங்க"ன்னு அரசு மெயில் மாதிரியே வரும். பதிவு விவரங்கள் பொதுவெளில இருக்குறதால தனியார் ஆட்கள் எடுத்து அனுப்புறது அது. கட்டாதீங்க. உதவி வேணும்னா உங்க மாநிலத்துல இருக்குற ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர் மையத்துக்குப் போங்க, பெரும்பாலும் காசு வாங்காம உக்கார வச்சு சொல்லித் தருவாங்க.