ரப்பர் செடி ஏன் நெட்டையாச்சு?

மலேசியாவில் அம்பாங் பெச்சா பக்கம் தாமான் (குடியிருப்பு) வீடுகளில், வரவேற்பறை மூலையில் ஒரு ரப்பர் செடி தொட்டியில் நிற்பதைப் பார்த்திருப்பாய். தடித்த, பளபளப்பான இலை. உன் வீட்டிலும் இருக்கிறதா? கிட்டப் போய்ப் பார். தண்டு ஒல்லியாக இருக்கிறதா? ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவே நீண்ட வெற்றுத் தண்டா? முழுச் செடியும் ஜன்னல் பக்கம் சாய்கிறதா?

"நல்லா வளருதே!" என்று பெரியவர்கள் சொல்லலாம். "அப்போ ஏன் இலை குறைச்சல்?" என்று உனக்குக் கேட்கத் தோன்றினால், நீ விஞ்ஞானிதான் கண்ணு. செடிக்கு வெளிச்சம் போதவில்லை. அதைத் தேடித்தான் நீள்கிறது.

ரப்பர் செடி ஆல், அரசு, அத்தி இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாயில் ரம்போங் என்பார்கள். பிரேசிலிலிருந்து வந்த பால்மரம் தோட்டங்களில் பரவுவதற்கு முன்பு, இதன் பாலிலிருந்தும் ரப்பர் எடுத்தார்கள். காட்டில் இது பல சமயம் தரையில் முளைப்பதே இல்லை. பறவை பழத்தைத் தின்று எச்சமிடும். விதை இன்னொரு மரத்தின் மேலே விழுந்து, நல்ல வெளிச்சத்தில் முளைக்கும். தோட்டத்துப் பக்கம் போனால் வயதான செம்பனையை அண்ணாந்து பார். வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டையில், பெரணிச் செடிகளுக்கு நடுவே, அத்தி இனத்துக் கன்று ஒன்று உட்கார்ந்திருக்கலாம். உயரத்தில் வெயில் குடித்து வளரும் இனத்தை நாம் சோபாவுக்குப் பின்னால் வைத்துவிட்டோம்!

வெளிச்சம் இல்லாவிட்டால் செடி நீளும் என்பதற்குச் சாட்சியை நீ சாப்பிட்டே இருக்கிறாய். சந்தையில் வாங்கும் தவுகே எது? பச்சைப் பயற்றை இருட்டில் முளைக்கவிட்டதுதான். அதனால்தான் அது வெளுத்து நீண்டிருக்கிறது. அதே பயற்றை வெயிலில் விதைத்துப் பார். குட்டையாக, பச்சையாக வரும்.

செம்பனை வளர்ப்பவர்களுக்கும் இது தெரியும். செம்பனை நாற்றுகளைப் பெரிய பைகளில் வளர்க்கும்போது சுமார் 3 அடி இடைவெளி விடுகிறார்கள். நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழுந்து, எல்லாம் நெட்டையாகிவிடும். வீட்டுச் செடிக்கும் அதே பாடம்தான்.

செடி ஏன் ஜன்னல் பக்கம் சாய்கிறது? விஞ்ஞானி சார்ல்ஸ் டார்வினும் மகன் பிரான்சிசும் புல் நாற்றின் நுனியை மூடி வைத்துப் பார்த்தார்கள். நாற்று வெளிச்சத்தின் பக்கம் வளையவில்லை! நுனிதான் வெளிச்சத்தை உணர்கிறது என்று 1880-இல் எழுதினார்கள். நுனியிலிருந்து ஒரு பொருள் கீழே இறங்கும். அதற்கு ஆக்சின் என்று பெயர். அது நிழல் பக்கம் அதிகம் சேரும். அந்தப் பக்கம் கூடுதலாக நீளும். செடி வெளிச்சத்தின் பக்கம் வளையும். புரிந்ததா? இல்லையென்றால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படி, அவசரமில்லை.

ஆக்சினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கீழே கணுக்களில் தூங்கும் மொட்டுகளை, "இப்போ வேண்டாம், இருங்க" என்று அடக்கி வைக்கும். நுனியை நறுக்கினால் அந்த அடக்கம் போய்விடும். ஓய்வு மணி அடித்ததும் வகுப்பிலிருந்து பிள்ளைகள் பாய்ந்து வருவதுபோல், மொட்டுகள் துளிர்த்துக் கிளையாகும்.

ஆனால் உடனே கத்தியை எடுக்காதே! முதலில் இடத்தை மாற்று. இருட்டிலேயே வைத்து நறுக்கினால், புதுக் கிளையும் நெட்டையாகத்தான் வரும். உரம் போட்டாலும் நீண்ட தண்டு சுருங்காது. காலை வெயில் படும் ஜன்னலோரம் நல்லது. மூலையிலிருந்து ஒரேயடியாக உச்சி வெயிலுக்குக் கொண்டுபோனால் இலை கருகும். ஓரிரு வாரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்து. வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பு.

குளிர்நாட்டுப் புத்தகங்கள் வசந்தம் வரும்வரை காத்திருக்கச் சொல்லும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். செடி தெம்பாக இருந்தால் எந்த மாதமும் நறுக்கலாம்.

அம்மாவையோ அப்பாவையோ கூப்பிட்டுக்கொள். கூரான, சுத்தமான கத்தியால் ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டச் சொல். வெள்ளைப் பால் வடியும். ஈரத்துணியால் ஒற்றி எடு. சிலருக்குத் தோல் அரிக்கும், கண்ணில் படவே கூடாது. சட்டையில் பட்டால் கறை போகாது. பால்மரம் வெட்டிய பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பார், அந்தக் கறையைப் பற்றி நிறையச் சொல்வார்.

சில வாரங்களில் வெட்டுக்குக் கீழே கணுவில் ஒரு முனை புடைக்கும். பக்கத்துக் கணுக்களையும் பார்த்துக்கொண்டே இரு. நறுக்கிய நுனியை எறிந்துவிடாதே. ஓரிரு இலையை மட்டும் விட்டு, ஈர மணலில் நிழலில் ஊன்றி வை. வேர் பிடித்தால் பள்ளிக்கு ஒரு செடி கிடைக்கும். இந்தத் தடவை ஜன்னலோரத்தில் வைக்கச் சொல்.