பெட்டி மேல் பழி, போல்ட்டில் பிழை

‘பகலில் வைப்பர் ஒழுங்காக வேலை செய்கிறது. ராத்திரி மழையில் ஹெட்லைட்டைப் போட்டதும், விட்டுவிட்டுத் துடைக்க வேண்டிய வைப்பர் நிற்காமல் ஓடுகிறது. ஹெட்லைட்டும் கொஞ்சம் மங்கல். பட்டறையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, “பிசிஎம் போயிடுச்சு சார், மாத்தணும்” என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

விடைக்கான துப்பு அவர் கேள்வியிலேயே இருக்கிறது. ஹெட்லைட் போட்டால்தான் வைப்பர் தடுமாறுகிறது. பிசிஎம்முக்கு உள்ளேயே பழுது என்றால் பகலிலும் அது தலைகாட்டியிருக்கலாம். ஒரு கருவியை இயக்கும்போது சம்பந்தமில்லாத இன்னொன்று கெட்டுப்போகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்த விலையுயர்ந்த பெட்டியை அல்ல, எர்த் வயரை.

பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்பதன் சுருக்கம்தான் பிசிஎம். டேஷ்போர்டுக்கு அடியில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் மின்னணுப் பெட்டி. விளக்குகள், வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, கண்ணாடி ஏற்றி இறக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. பழைய கார்களில் வைப்பர் மோட்டாருக்குப் போகும் மின்சாரமே சுவிட்ச் வழியாகத்தான் போனது. இப்போது சுவிட்ச் கோரிக்கை மட்டும் வைக்கிறது. அதைப் படித்து, மோட்டாருக்கு மின்சாரம் விடுவது பிசிஎம்மின் வேலை. கோரிக்கையை அது எப்படிப் படிக்கிறது என்பதில்தான் இந்த விஷயத்தின் முழு அழகும் இருக்கிறது.

வைப்பர் சுவிட்சுக்கு நாலு நிலைகள் என்று வைத்துக்கொள்வோம். நாலுக்கும் நாலு வயர் இழுத்தால் செம்புச் செலவு. அதனால் பல கார்களில் ஒரே வயர். பிசிஎம் தன்னிடமிருந்து 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக அந்த வயரில் அனுப்புகிறது. சுவிட்சைத் திருப்பும்போது ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறு ரெசிஸ்டர் எர்த்தோடு சேர்கிறது. வயரில் நிற்கும் வோல்டேஜ் அதற்கேற்ப மாறுகிறது. உதாரணத்துக்கு, நிறுத்தம் என்றால் 4 வோல்ட், விட்டுவிட்டு என்றால் 3, மெதுவாக என்றால் 2, வேகமாக என்றால் 1. வந்திருக்கும் எண் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து பிசிஎம் முடிவெடுக்கிறது. ஒரே ஒரு வயரில் நாலு உத்தரவுகள்! எளிமையும் சிக்கனமும் இப்படிச் சேர்ந்து வரும் ஏற்பாடுகள் குறைவு.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வோல்டேஜ் என்பது எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசம். பிசிஎம் எதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு அளக்கிறது? தன்னுடைய எர்த் வயரை. அந்த வயர் காரின் தகட்டு உடம்பில் ஏதோ ஒரு போல்ட்டில் போய் முடிகிறது. அதே போல்ட்டில் ஹெட்லைட்டின் எர்த்தும் முடிந்தால்? அந்த போல்ட்டில் துரு ஏறியிருந்தால்?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 55 வாட் பல்பு இரண்டு, மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர். துரு பிடித்த போல்ட்டின் எதிர்ப்பு வெறும் 0.2 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பதை அதனால் பெருக்கினால் 1.8 வோல்ட். ஹெட்லைட் எரியும்போது அந்த போல்ட்டில் மாட்டியிருக்கும் அத்தனை வயர்களும் காரின் உடம்பைவிட 1.8 வோல்ட் மேலே போய்விடுகின்றன. பல்புக்குக் கிடைப்பதில் அவ்வளவு குறைகிறது, வெளிச்சம் மங்குகிறது. பிசிஎம்மின் பூஜ்யமும் கூடவே உயர்கிறது. சுவிட்சின் எர்த் வேறு நல்ல போல்ட்டில் இருந்தால் அதன் பூஜ்யம் பழைய இடத்திலேயே நிற்கிறது. இப்போது 3 வோல்ட்டாகப் படிக்க வேண்டியதை பிசிஎம் சுமார் 2.3 என்று படிக்கும். அது 2-க்குப் பக்கம். ‘விட்டுவிட்டு’ என்ற உத்தரவு ‘மெதுவாக, ஆனால் நிற்காமல்’ என்று ஆகிவிடுகிறது. 4 வோல்ட் 3.6 ஆக இறங்கினாலும் இன்னும் 4-க்குத்தான் பக்கம். அதனால் நிறுத்திவைத்த வைப்பர் தானாகக் கிளம்புவதில்லை. வாசகரின் காரில் நடப்பது அச்சாக இதுதான். பிசிஎம் தப்புச் செய்யவில்லை. தப்பான பூஜ்யத்தை நம்பிச் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறது. சுவிட்சின் எர்த்தையும் பிசிஎம்முக்கே திருப்பிக் கொண்டுவந்து இந்தச் சிக்கலைத் தவிர்க்கும் கார்களும் உண்டு.

‘எர்த்தை மீட்டர் வைத்துப் பார்த்தோம், சரியாகத்தான் இருக்கிறது’ என்று பட்டறையில் சொல்வார்கள். அவர்கள் பார்த்ததும் உண்மை, எர்த் கெட்டதும் உண்மை. எப்படி?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ், ஆட்கள் உள்ளே வரும் வாசல். பல்புகள், இலை போட்ட வரிசைகள். எர்த், சாப்பிட்டவர்கள் கை கழுவப் போகும் வெளிவாசல். பிசிஎம், பந்தி விசாரிப்பவர். வெளிவாசல் கதவு பாதிதான் திறக்கிறது என்று வையுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு சின்னப் பையனை அனுப்பினால் சிட்டாகப் போய்விடுவான். வாசலில் குறையே தெரியாது. மல்டிமீட்டர் அந்தப் பையன்தான். அதன் உள் எதிர்ப்பு சாதாரணமாக 1 கோடி ஓம். அது இழுக்கும் மின்சாரம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அந்தச் சொற்ப ஓட்டத்துக்கு 0.2 ஓம் ஒரு தடையே இல்லை. ஆனால் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் இலையை மூடிவிட்டு எழுந்தால் வாசலில் நெரிசல் ஆகிவிடும். போக வழியில்லாதவர்கள் கூடத்திலேயே நிற்பார்கள். பந்தி விசாரிப்பவர் அவர்களையும் அடுத்த பந்திக்கு வந்தவர்களோடு சேர்த்து எண்ணி, சமையல்கட்டுக்குத் தப்பான கணக்கைச் சொல்வார். சிலர் பக்கத்துக் கூடத்தில் புகுந்து, அங்கே சாப்பிடுபவர்களை இடித்துக்கொண்டு அந்த வாசல் வழியாக வெளியேறுவார்கள். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குகிறதே, அது இந்த ஆட்கள்தான்: பின்விளக்கின் எர்த் அறுந்து, பிரேக் லைட்டின் மின்சாரம் பக்கத்து பல்பு வழியாக வெளியேற வழி தேடுகிறது. இத்தனைக்கும் சமையல்காரரை மாற்றினாலோ, விசாரிப்பவரை மாற்றினாலோ எதுவும் சரியாகாது. கதவை முழுதாகத் திறக்க வேண்டும்.

ஆகவே பந்தி நடக்கும்போதுதான் வாசலைப் பார்க்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை பிசிஎம்மின் எர்த் பின்னிலும் வையுங்கள். ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர், ஃபேன் எல்லாவற்றையும் போடுங்கள். 0.1 வோல்ட்டை ஒட்டி நின்றால் எர்த் நல்ல எர்த். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று ஏறினால் குற்றவாளி அகப்பட்டது. ஓம் நிலையில் வைத்து அளப்பது இங்கே உதவாது. மீட்டரின் இரண்டு வயர்களுக்கே அந்த அளவு எதிர்ப்பு இருக்கும்.

அந்த போல்ட்டை பத்து நம்பர் ஸ்பானரால் கழற்றிப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். வளைய டெர்மினலின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. சில கார்களில் பொடியே இருக்காது; பளபளவென்று புதுப் பெயின்ட் இருக்கும். எங்கேயோ இடிபட்டு டிங்கரிங், பெயின்டிங் முடித்தவர்கள் எர்த் பாயிண்டின் மேலும் அடித்துவிட்டு, அதன் மேலேயே டெர்மினலை முடுக்கியிருப்பார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது; மரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் இரும்புதான் மொத்தச் சுமையையும் தாங்கும். உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாஸலின் தடவினால் வேலை முடிந்தது.

இவ்வளவு சின்ன வேலையை விட்டுவிட்டுப் பெட்டியை மாற்றச் சொல்வது ஏன்? ஸ்கேனர் மேல் வைத்திருக்கும் அளவுக்கு மீறிய நம்பிக்கைதான் காரணம். ‘கோளாறை நொடியில் கண்டுபிடிக்கும்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். ஸ்கேனர் காட்டும் எரர் கோடு கோளாறின் பெயர் அல்ல. யு0140 என்று வந்தால், ‘பிசிஎம்மிடமிருந்து தகவல் வரவில்லை’ என்று மற்ற மாட்யூல்கள் புகார் சொல்கின்றன என்று பொருள். ஃபியூஸ் போயிருக்கலாம், கப்ளர் தளர்ந்திருக்கலாம், எர்த் கெட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். எது என்று அந்தக் கோடு சொல்லாது.

மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் கேன் இணைப்புக்கு ஒரு வரலாறு உண்டு. சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் இதை உருவாக்கத் தொடங்கி 1986-இல் வெளியிட்டது. 1990-களின் தொடக்கத்தில் மெர்சிடீஸ் எஸ் கிளாஸில் ஏறியது. பிறகு பெரும்பாலான கார்களிலும் வந்தது. பட்டறைக்குத் தேவையான சங்கதி ஒன்றே ஒன்று. முறுக்கிய இரண்டு வயர்களின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு வயர்களும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. இரண்டு நிமிட வேலை.

ஸ்கேனரை ஒதுக்கச் சொல்லவில்லை. கோடு படிப்பதோடு நிறுத்தாமல் அதை முழுதாகப் பயன்படுத்தச் சொல்கிறேன். சுவிட்சைத் திருப்பும்போது பிசிஎம் அதை என்னவென்று படிக்கிறது என்று லைவ் டேட்டாவில் தெரியும். ஆக்டிவ் டெஸ்டில் ‘வைப்பரை ஓட்டு’ என்று ஸ்கேனரிலிருந்தே உத்தரவு கொடுக்கலாம். அதில் ஓடினால் பிசிஎம்முக்கு அப்புறம் உள்ள பாதை நல்லது. கோளாறு சுவிட்ச் பக்கமோ எர்த்திலோதான். ஃபியூஸ், எர்த் இரண்டும் சுமையோடு அளந்து சரி, கோரிக்கையும் சரியாக உள்ளே வருகிறது, ஆனால் வெளியே போகும் பின்னில் மட்டும் மின்சாரம் வரவில்லை என்றால், அப்போது பெரும்பாலும் பிசிஎம்தான் பழுது.

உண்மையாகவே சாகும் பிசிஎம்களும் உண்டு. அவற்றுக்குத் தண்ணீர் பெரிய எமன். சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் கால் வைக்கும் பள்ளம்வரை நீர் ஏறிய கார்களில் தாழ்வாகப் பொருத்திய பெட்டிகளுக்குத் தப்பிக்க வழியில்லை. கப்ளரைப் பிடுங்கிப் பார்த்தால் பின்கள் பச்சை பூத்திருக்கும். பேட்டரி இணைப்பிலேயே இருக்கும்போது நனைந்தால் பின்களுக்கு இடையே மின்பகுப்பு நடந்து செம்பை அரித்துவிடும். வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாமல் முதலில் பேட்டரியைக் கழற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், கழற்றிப் புதிதை மாட்டுவது பாதி வேலைதான். எந்த மாடல், பனிவிளக்கு உண்டா, பின்பக்க வைப்பர் உண்டா என்ற விவரங்கள் பழைய பெட்டியில் பதிந்திருக்கும். அது பேசும் நிலையில் இருந்தால் கழற்றுவதற்கு முன்பே அவற்றைப் படித்துச் சேமிக்க வேண்டும். பல கார்களில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசரும் பிசிஎம்மோடு பிணைந்தது. புதுப் பெட்டிக்குச் சாவிகளைப் பழக்காவிட்டால் எஞ்சின் கிளம்பாது. பட்டறைக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போவது நல்லது. மென்பொருள் ஏற்றும்போது பேட்டரிக்குச் சார்ஜர் துணை வேண்டும். பாதியில் வோல்டேஜ் இறங்கினால் புதுப் பெட்டியே முடங்கிவிடலாம். ‘மாட்டினால் போதும், ஓடும்’ என்று விற்கப்படும் பழைய பெட்டிகளை நம்பாதீர்கள். அவற்றில் வேறொரு காரின் அடையாளமும் வேறொருவரின் சாவியும் இருக்கின்றன. அவற்றை அழித்து எழுதும் வசதி எல்லா மாடலுக்கும் கிடையாது.

இனி வரும் கார்கள் தம் கோளாறைத் தாமே சொல்லிவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. டெஸ்லா 2017-இல் கொண்டுவந்த மாடல் 3-இல் ஒரே பிசிஎம்முக்குப் பதில் முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம் என்று மூன்று கன்ட்ரோலர்கள். பெரும்பாலான ஃபியூஸ்களுக்குப் பதில் மின்னணுச் சுவிட்சுகள். ஒவ்வொரு பல்பும் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அவை அளந்துகொண்டே இருக்கும். நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும்; திரும்பும் வழியில் ஒரு போல்ட் இருக்கும்; இரும்பு துருப்பிடிக்கும். அளக்கும் கருவி எத்தனை நுட்பமானதாக இருந்தாலும், அதன் பூஜ்யம் நகர்ந்துவிட்டால் அது சொல்லும் எண்ணுக்கு மதிப்பில்லை.

அதனால் பெட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: ‘ஹெட்லைட் எரியும்போது பிசிஎம் எர்த்தில் எத்தனை வோல்ட் விழுகிறது?’ எண்ணைச் சொல்கிற மெக்கானிக்கிடம் காரை நம்பி விடலாம். அவர் பெட்டியை மாற்றச் சொன்னால், அதற்குக் காரணம் இருக்கும்.