உங்களுக்குத் தெரியுமா? கட்டற்ற மென்பொருளின் முகங்கள்

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்று திறந்து வைக்கப்பட்டதே கட்டற்ற மென்பொருள். அதை விளம்பரம் செய்யப் பெரும்பாலும் பணம் இருப்பதில்லை. மக்கள் மனத்தில் அதைப் பதிய வைப்பது அதன் சின்னம்தான். மார்க்கம் வாசகர்களுக்காகச் சில செய்திகள்:

● லினக்ஸ் இயங்குதளத்தின் பென்குயின் 'டக்ஸ்', சின்னத்துக்காக நடந்த போட்டிகள் எதிலும் வெல்லவில்லை! வயிறார உண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் பென்குயின் வேண்டும் என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விரும்பினார். 1996இல் லாரி யூவிங், கிம்ப் என்ற கட்டற்ற மென்பொருளிலேயே அதை வரைந்தார். தன் பெயரையும் கிம்பையும் குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்றார். உலகமெங்கும் டக்ஸ் பரவியதற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம்.

● 2009இல் வந்த லினக்ஸ் 2.6.29 பதிப்பில் மட்டும் டக்ஸுக்கு விடுமுறை. முகப் புற்றுநோயால் அழிந்துவரும் டாஸ்மேனியன் டெவில் விலங்கைக் காக்கும் முயற்சிக்கு ஆதரவாக, அந்த விலங்கின் படமான 'டஸ்' அங்கே இடம்பெற்றது.

● ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நரிச் சின்னத்தில் கனடாவுக்கும் பங்குண்டு. பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சார்லட்டவுனில் இயங்கும் சில்வர்ஆரஞ்ச் நிறுவனத்தைச் சேர்ந்த டேனியல் பர்க்கா யோசனை தந்தார், ஸ்டீபன் டெரோஷ் கோட்டோவியம் தீட்டினார். அதற்கு இறுதி வடிவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் ஜொன் ஹிக்ஸ்.

● அதே நரியால் ஒரு பிணக்கும் எழுந்தது. மென்பொருள் கட்டற்றது, ஆனால் சின்னத்தின் உரிமம் அப்படி இல்லை. அதனால் லினக்ஸைத் தொகுத்து வழங்கும் டெபியன் குழு அந்தச் சின்னத்தைச் சேர்க்க மறுத்தது. சின்னம் இல்லாமல் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றது ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா. 2006 முதல் 2016 வரை டெபியனில் ஃபயர்ஃபாக்ஸ் 'ஐஸ்வீசல்' என்ற பெயரிலேயே உலவியது.

● பிஎச்பி நிரல்மொழியை 1995இல் வெளியிட்ட ராஸ்மஸ் லெர்டோர்ஃப் படித்த உயர்நிலைப் பள்ளி கிங் சிற்றியில் உள்ளது. மார்க்கம் அடங்கிய அதே யோர்க் பிராந்தியம்தான்! பிஎச்பியின் நீள்வட்டச் சின்னத்தை வரைந்தவர் காலின் வீப்ராக். அதன் செல்ல யானையை 1998இல் பிரான்சின் வின்சென்ட் பொன்டியே உருவாக்கினார்.

● லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டை நிறுவிய இருவரில் ஒருவரான பொப் யங், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படித்த ஒன்ராறியோக்காரர். மற்றவரான மார்க் யூவிங் மாணவப் பருவத்தில் அணிந்த தாத்தாவின் தொப்பியே நிறுவனத்தின் பெயருக்கு வித்து. 2019இல் சின்னத்திலிருந்த மனித முகத்தை நீக்கித் தொப்பியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ரெட் ஹாட்டை ஐபிஎம் 3,400 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. அந்த ஐபிஎம்மின் பெரிய மென்பொருள் ஆய்வகம் ஒன்று மார்க்கம் வோர்டன் அவென்யூவில் இருக்கிறது.

● மாற்றிய பதிப்பையும் கட்டற்றதாகவே பகிர வேண்டும் என்ற உரிமமுறைதான் 'காப்பிலெஃப்ட்'. காப்புரிமைக் குறியைத் (©) திருப்பிப் போட்டது போன்ற அதன் குறி பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. ஆயினும் 2018இல்தான் யூனிகோடில் அதற்குத் தனி இடம் கிடைத்தது.

● நல்ல சின்னத்துக்கு எளிய சோதனைகள் உண்டு. 16 பிக்சல் அளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் தெரிய வேண்டும். ஒரே நிறத்தில் அச்சிட்டாலும் வடிவம் நிற்க வேண்டும். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாதபடி எஸ்விஜி கோப்பாக வரைய வேண்டும். இதற்கு இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற மென்பொருளே போதும். யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தையும் முதல்நாளே எழுதிவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் பிணக்கு தரும் பாடம் அது.

நிரல் எழுதத் தெரிந்தால்தான் கட்டற்ற மென்பொருளுக்கு உதவ முடியும் என்றில்லை. மேலே சொன்ன சின்னங்கள் பலவும் வரையத் தெரிந்தவர்கள் தந்த கொடை. தமிழில் எழுத்துரு, அகராதி, விசைப்பலகை என்று உழைக்கும் கட்டற்ற திட்டங்களுக்கும் நல்ல முகங்கள் தேவை. வரையத் தெரிந்த மார்க்கம் இளையோரே, ஒரு தமிழ்த் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கொரு சின்னம் வரைந்து கொடுங்கள்!