கைக்குள் ஒரு கருவி – 7: நாலு பேட்டரி, நாலு சாயல்

சென்ற வாரம் பார்த்த வாக்மேன் பிறந்தது டோக்கியோவில். இந்த வாரக் கருவியும் ஜப்பான் சரக்குதான். ஊர் மட்டும் கியோட்டோ.

நிண்டெண்டோ 1889-இல் அங்கே தொடங்கப்பட்ட சீட்டுக்கட்டுக் கம்பெனி. பூப்படம் போட்ட ஹனஃபுடா சீட்டுதான் அதன் பிழைப்பு. 1965-இல் வேலைக்குச் சேர்ந்த குன்பெய் யொகோய் மின்னணுவியல் படித்தவர். கிடைத்ததோ சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. இயந்திரங்கள் அடிக்கடி மக்கர் செய்யாததால் கையில் நேரம் நிறைய இருந்தது. கத்தரிக்கோல் போல மடிந்து விரிந்து, எட்ட இருக்கும் பொருளைக் கவ்வும் ஒரு நீட்டுக்கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. திட்டு விழும் என்று பார்த்தால், அதையே விற்பனைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். 1966-இல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வந்த அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

அதற்குப் பின் யொகோய் இயந்திரப் பக்கம் போகவில்லை. புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் 1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' செய்தார். கால்குலேட்டருக்கான திரையும் சிப்பும் மலிந்துபோன காலம் அது. ஒரு கருவிக்கு ஒரு விளையாட்டு, கூடவே கடிகாரம். 1982-இல் வந்த 'டாங்கி காங்' மாடலில், இடது கட்டைவிரலுக்குச் சிலுவை வடிவில் ஒரு பட்டன் வைத்தார். இன்றைய கேம் கன்ட்ரோலர்களிலும் அதன் வாரிசுகள் உண்டு.

யொகோய்க்கு ஒரு கொள்கை இருந்தது. ஜப்பானிய மொழியில் அதைச் சொல்லும்போது 'வாடிப்போன தொழில்நுட்பம்' என்பார்; செடி காய்வதற்குச் சொல்லும் அதே சொல். புதுசாக வந்ததற்கு விலையும் அதிகம், கோளாறும் அதிகம். பழசு அடிபட்டுத் தேறியது, மலிவானது. அதை யாரும் நினைக்காத இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்து என்பதுதான் அவர் கணக்கு. நம் வீடுகளில் மீந்த இட்லியை உப்புமாவாக்கும் புத்தி என்றால் பொறியாளர்கள் கோபிப்பார்கள், ஆனாலும் அதுதான்.

அந்தக் கணக்கில் பிறந்ததுதான் கேம் பாய். யொகோயின் பெயரே பெரிதாகப் பேசப்பட்டாலும், அவர் குழுவிலிருந்த சதோரு ஒகாடாவுக்கும் இதில் சரிபாதிப் பங்கு. கேம் அண்ட் வாட்ச் மாதிரி இன்னொரு பொம்மை போதும் என்று யொகோய் நினைக்க, கேசட் மாற்றிப் போடக்கூடிய முழுக் கருவியாகத்தான் இருக்க வேண்டும் என்று நின்றவர் ஒகாடா. கடைசியில் மூத்தவர் இறங்கிவந்தார்.

திரையில்தான் கண்டம் வந்தது. ஷார்ப் கம்பெனியின் முதல் மாதிரித் திரை, நேராகப் பார்த்தால் மட்டுமே தெரிந்தது. கொஞ்சம் சாய்த்தால் ஒன்றும் தெரியவில்லை. யமாவுச்சி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கண்ணுக்கே தெரியாததை எப்படி விற்பது என்று கேட்டார். திட்டமே நின்றுபோகும் நிலை. வேறு வகை எல்சிடிக்கு மாறிய பிறகுதான் உயிர் வந்தது. அதிலும் கலர் கிடையாது, பின்னிருந்து விளக்கொளி கிடையாது. 160-க்கு 144 புள்ளிகள். மங்கலான பச்சைப் பின்னணியில் நாலே சாயல்கள்.

1989 ஏப்ரல் 21 அன்று 12,500 யென் விலையில் ஜப்பானில் வெளிவந்தது. உள்ளே 8 பிட் சிப், வேகம் 4 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேல், வேலை செய்ய 8 கிலோபைட் நினைவகம். அதே ஆண்டு அட்டாரியின் 'லிங்க்ஸ்' கலர் திரையோடு இறங்கியது. அடுத்த ஆண்டு சேகாவின் 'கேம் கியர்', அதுவும் கலர். பக்கத்தில் வைத்தால் கேம் பாய் ஏழைச் சித்தி மகன் மாதிரி இருக்கும். ஆனால் கேம் கியருக்கு ஆறு பென்சில் பேட்டரி, அதுவும் நாலைந்து மணி நேரத்தில் காலி. கேம் பாய்க்கு நாலு பேட்டரி. பதினைந்து மணி நேரம் சாதாரணமாக ஓடும். அமெரிக்காவில் லிங்க்ஸின் விலையில் பாதி கொடுத்தால் கேம் பாய் கிடைத்தது. பேட்டரி வாங்கித் தர வேண்டிய அப்பாக்கள் எதன் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

கருவியைப் போட்டதும் நிண்டெண்டோவின் பெயர் திரையில் மேலிருந்து மெல்ல இறங்கி, 'டிங்' என்று ஒலிக்கும். அது வெறும் அலங்காரம் இல்லை, காவல். கேசட்டுக்குள் இருக்கும் அந்தப் பெயர்ப் படத்தைக் கருவி தன்னிடமுள்ள படத்தோடு ஒப்பிடும். ஒரு புள்ளி மாறினாலும் விளையாட்டு தொடங்காது. அனுமதி இல்லாமல் கேசட் போடுபவர் அந்த வணிகச் சின்னத்தையும் திருடியாக வேண்டும், உடனே வழக்கில் மாட்டுவார். கேசட் முனையில் தூசி படிந்திருந்தாலும் பெயர் வர வேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டையோ கிறுக்கலோதான் வரும். டிவி கேம் கேசட்டை எடுத்து 'உஃப்' என்று ஊதிப் போட்ட தலைமுறைக்கு இந்தக் காட்சி புரியும்.

அமெரிக்காவில் கருவியோடு எந்த விளையாட்டைச் சேர்த்துக் கொடுப்பது? வீட்டுப் பிள்ளையான மரியோவைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஹென்க் ராஜர்ஸ் என்ற வியாபாரி குறுக்கே வந்தார். சிறுவர்கள் வாங்கினால் போதுமென்றால் மரியோவைக் கொடுங்கள், எல்லோரும் வாங்க வேண்டுமென்றால் டெட்ரிஸைக் கொடுங்கள் என்றார். மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகக் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னொவ் 1984-இல் உருவாக்கிய விளையாட்டு அது. உரிமை சோவியத் அரசு நிறுவனமான எலோர்க்கின் கையில். 1989 பிப்ரவரியில் சுற்றுலா விசாவில் மாஸ்கோ போய் இறங்கிய ராஜர்ஸ், பெரிய பெரிய போட்டியாளர்களைத் தாண்டி அந்த உரிமையை வாங்கிவந்தார். கேம் பாய் டெட்ரிஸ் மூன்றரைக் கோடி விற்றது. பஜித்னொவுக்கோ 1996 வரை அதிலிருந்து பங்குத்தொகை வரவில்லை. நம்மூர்க் கடைகளில் 'பிரிக் கேம்' என்று விற்ற சீனப் பொம்மையில் கட்டைகள் விழுந்ததும் அவர் புண்ணியம்தான். 1993-இல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்ஸாண்டர் செரெப்ரொவ் ஒரு கேம் பாயை மிர் நிலையத்துக்கே கொண்டுபோனார்.

இரண்டு கருவிகளை இணைக்க ஒரு கேபிள் உண்டு. எதிரும் புதிருமாக உட்கார்ந்து டெட்ரிஸில் மோதத்தான் பெரும்பாலும் அது பயன்பட்டது. சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரிக்கு மட்டும் அந்த ஒயரில் பூச்சிகள் ஊர்ந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதாகத் தோன்றியது. ஆறு ஆண்டு உழைப்புக்குப் பின் 1996 பிப்ரவரியில் 'போகிமான்' வந்தது. சிவப்பு, பச்சை என்று இரண்டு கேசட். ஒன்றில் கிடைக்கும் சில உயிரினங்கள் மற்றதில் கிடைக்காது. முழுவதும் சேர்க்க வேண்டுமென்றால் நண்பனைத் தேடி, கேபிள் போட்டு, மாற்றிக்கொள்ள வேண்டும். ஏழு வயதாகி, காலம் முடிந்தது என்று ஒதுக்கப்பட்ட கருவிக்கு இரண்டாம் பிறவி. 1998-இல் வந்த கலர் மாடலையும் சேர்த்தால் மொத்த விற்பனை 11 கோடியே 86 லட்சத்தைத் தாண்டும்.

அந்த இரண்டாம் பிறவியின் அறுவடையை நிண்டெண்டோவில் இருந்து பார்க்க யொகோய்க்கு வாய்க்கவில்லை. 1995-இல் அவர் செய்த 'வர்ச்சுவல் பாய்' படுதோல்வி. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் விலகி, 'கோட்டோ' என்ற சிறு நிறுவனம் தொடங்கினார். பந்தாய் கம்பெனிக்காக ஒரு புதுக் கையடக்கக் கருவியில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1997 அக்டோபர் 4 அன்று சாலை விபத்தில் இறந்தார். வயது 56.

'வொண்டர்ஸ்வான்' என்ற அந்தக் கருவி 1999 மார்ச்சில் கடைக்கு வந்தது. விலை 4,800 யென். கறுப்பு வெள்ளைத் திரைதான். ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் 30 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அதற்காக வந்த கோடு சேர்க்கும் புதிர் விளையாட்டு ஒன்றின் பெயர் 'குன்பெய்'.

(தொடரும்)