அடுப்படியில் பிறந்த ஆயுதம்

சீனரின் போர்க்கருவிகள் என்றவுடன் வளைந்த வாளும் குஞ்சம் கட்டிய ஈட்டியுமே நம் கண்முன் தோன்றும். ஆனால் ஆயுதங்களுக்கெல்லாம் மூதாதை என்று சீனர் சொல்வது வெறும் கோல் ஒன்றைத்தான். 'குன்' என்பது அதன் பெயர். அதற்குக் கூரும் இல்லை, விளிம்பும் இல்லை. அக்கோலால் பெரும் புகழ் பெற்றவர்களோ, உயிர்க்கொலை செய்வதில்லை என்று விரதம் பூண்ட பௌத்தத் துறவிகள்! வியப்பாக இல்லையா?

ஹெனான் மாநிலத்துச் சோங் மலைச் சாரலில், ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது ஷாவோலின் மடம். அங்கே வழங்கும் கதை இது. 14ஆம் நூற்றாண்டில் கலகக்காரர்கள் மடத்தைச் சூழ்ந்து கொண்டார்களாம். அப்போது சமையற்கட்டில் விறகு சுமந்து தீ மூட்டும் எளிய பணியாள் ஒருவர், தீ கிளறும் கோலை ஏந்தி வெளியே வந்தார். வந்தவர் மலையளவு வளர்ந்து நிற்க, பகைவர் பதறி ஓடினர். அவர் கின்னரரின் அவதாரம் என்று துறவிகள் நம்பினர். கின்னரர் என்ற பெயர் நமக்கும் தெரிந்ததுதானே? நம் நாட்டுத் தேவலோகப் பாடகர், சீனத்தில் சமையற்கட்டின் காவலராகி விட்டார்! 1517ஆம் ஆண்டுக் கல்வெட்டிலேயே இக்கதை காணப்படுகிறது. உண்மையில் அக்காலக் கலகத்தில் மடம் சேதமுற்றது. துறவிகள் பலர் ஓடிப் போயினர். பட்ட அடியை மறக்கவே இக்கதை பிறந்தது போலும்!

கதை எப்படியிருப்பினும், கோல் துறவிகளுக்குப் புதியதன்று. பிச்சைக்குச் செல்லும் பௌத்தத் துறவியர் தலைப்பில் வளையங்கள் கோத்த கோலை ஏந்துவர். அதன் ஓசை கேட்டு வழியிலுள்ள சிற்றுயிர்கள் விலகும். உயிரைக் காக்க ஏந்திய கோல்தான் அது.

அக்கோல் உயிரையும் வாங்கியது. 1553ஆம் ஆண்டில் கிழக்குக் கடற்கரையில் கொள்ளையர் தொல்லை மிகுந்தபோது, அரசு துறவிகளைப் போருக்கு அழைத்தது. அவர்கள் இரும்புக் கோல்களுடன் சென்று வென்றனர். ஓடியவர்களையும் துரத்திக் கொன்றனர். இறந்தவர்களுள் கொள்ளையன் ஒருவனின் மனைவியும் இருந்தாள். வீரத்தைப் புகழ்ந்த பழைய நூலே இதையும் சொல்கிறது. படித்தபோது என் மனம் சற்றுத் துணுக்குற்றது.

சில ஆண்டுகள் கழித்து யூ தாயூ என்ற தளபதி மடத்துக்கு வந்தார். கோல் வித்தையில் அவர் பெரிய நிபுணர். துறவிகளின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "பழைய நுட்பம் உங்களிடம் இல்லையே!" என்ற பொருள்படக் கூறினாராம். புகழ் பெற்ற மடத்தாருக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆயினும் அவர்கள் கோபிக்கவில்லை. இளந்துறவியர் இருவரை அவருடன் அனுப்பினர். இருவரும் மூன்று ஆண்டுகள் பயின்று திரும்பி, மற்றவர்களுக்குக் கற்பித்தனர். பின்னர், பத்தாண்டுகளுக்கு மேல் மடத்தில் பயின்ற செங் ஸோங்யூ என்பவர், ஷாவோலின் கோல் முறைகளைப் படங்களுடன் நூலாக்கினார்.

ஈட்டிக்குக் குத்துவதே முதன்மை. கோலோ வீசும், சுழலும், குத்தும், தடுக்கும். இரு முனைகளும் வேலை செய்யும். இதற்கு ஏற்றது 'வெள்ளை மெழுகு மரம்'. மெழுகு தரும் பூச்சிகள் இம்மரத்தில் வளர்வதால் இப்பெயர். இம்மரக் கோல் அடியில் பருத்து நுனியில் மெலிந்திருக்கும். வில்போல் வளையும், எளிதில் ஒடியாது. இன்றைய உலக வூஷூ போட்டிகளில் பெண்களும் இக்கோலைச் சுழற்றுகின்றனர்.

ஷாவோலினில் ஆயிரம் புத்தர் மண்டபம் என்று ஒன்று உண்டு. அதன் செங்கல் தரையில் 48 பள்ளங்கள் வரிசையாகத் தெரிகின்றன. துறவிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் காலை ஊன்றிப் பயின்றதால் விழுந்தவை என்கிறார்கள்.